பள்ளத்து வயலுக்கு எந்த நெல்?

கேள்வி: ஐயா, சீர்காழி வட்டத்தில் கடைமடைப் பக்கம் எங்கள் நிலம். சொந்தம் 3 மா, குத்தகை 3 மா, ஆக 2 ஏக்கர். மாமனார் காலத்திலிருந்து சம்பாவுக்கு சி.ஆர்.1009-தான். குத்தகை நிலத்தில் 2 மா பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஏறினால் வடிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். 2022-இல் அடித்த மழையில் அங்கே வைக்கோல்கூட மிஞ்சவில்லை. விரிவாக்க மையத்தில் 'சப்-1' என்ற புது ரகம் போடச் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவில் போன வருஷம் போட்டவரோ, "பழசுக்கும் புதுசுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல" என்கிறார். மரபணு மாற்றிய நெல், வியாபாரி எடுக்க மாட்டார் என்று வேறு பேச்சு. நகையை வைத்துத்தான் சாகுபடி செய்கிறோம். மாறலாமா? ஆறு மாவுக்கும் போடலாமா? விதையை நாங்களே எடுத்து வைக்கலாமா?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: அம்மா, பக்கத்துத் தெருக்காரர் சொன்னது சரிதான். அவரிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: போன வருஷம் அவர் வயலில் குருத்து நுனி முழுகும் அளவுக்குத் தண்ணீர் நின்றதா, நின்றால் எத்தனை நாள்? நிற்கவில்லை என்றால் வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் இந்த ரகத்தின் இலக்கணம். அப்படி இருக்க வேண்டும் என்றுதான் அதை உருவாக்கினார்கள்.

சி.ஆர்.1009 ஒடிசாவின் கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நெல். நூற்றைம்பத்தைந்து, நூற்று அறுபது நாள் வயது, குட்டையான பருத்த அரிசி, இட்லிக்குப் பெயர் போனது. டெல்டாவில் சம்பாப் பட்டத்துக்கு அது ஒட்டிக்கொண்ட மாதிரி வேறு ரகம் குறைவு. அதே ஒடிசாவில் எஃப்.ஆர்.13ஏ என்று ஒரு நெல் உண்டு. அங்குள்ள பழைய நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கி எடுத்தது. விளைச்சல் சொற்பம், ஆனால் முழுக்க மூழ்கி இரண்டு வாரம் கிடந்தாலும் பிழைத்து எழும். அந்தத் தாங்கும் குணத்தைத் தருகிற மரபணு எது என்பது 2006-இல் உறுதியானது. அதற்கு வைத்த பெயர்தான் சப்-1. அந்தக் குணமுள்ள நெல்லை சி.ஆர்.1009-உடன் ஒட்டுச்சேர்த்து, பிறந்த பயிரைத் திரும்பத் திரும்ப சி.ஆர்.1009-உடனேயே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் இலையைச் சோதித்து, அந்த ஒரு மரபணு மட்டும் தங்கிய செடிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். மகரந்தம் சேர்த்துச் செய்த வேலை இது. சட்டம் மரபணு மாற்றுப் பயிர் என்று சொல்லும் வகையில் இது வராது. அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

தண்ணீருக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் தானாக வந்துவிடும். சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சு வாங்க மேலே வரப் பார்க்கும். செடிக்குள் தேங்கும் எத்திலின் வாயு தண்டையும் இலையையும் இழுத்து நீட்டும். ஓரிரு நாளில் தண்ணீர் வடிந்தால் பிழைக்கும். வடியாவிட்டால் தண்டில் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தெல்லாம் நீள்வதிலேயே செலவாகிவிடும். பத்தாம் நாள் வடிந்தபின் போய்ப் பார்த்தால் வெளுத்து, நூலாக நீண்டு, சேற்றில் படுத்துக் கிடக்கும். 2022-இல் உங்கள் பள்ளத்தில் பார்த்திருப்பீர்கள். சப்-1 உள்ள பயிர் நீள்வதை நிறுத்திக்கொள்ளும். சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்த சில நாளில் குருத்துவிடும். இலையெல்லாம் கருகித்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைந்து உழுதுவிடக் கூடாது. அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது.

இது எங்கே உதவாது என்பதை விதை கொடுக்கும்போது பெரும்பாலும் சொல்வதில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் பிந்தும் வருஷங்களில் பலர் நாற்று விடாமல் நேரடியாகத் தெளிக்கிறார்கள். தெளித்து முளைவிடும் நேரத்தில் மழைத்தண்ணீர் கட்டினால் சப்-1 விதையும் அழுகும். முளைப்பைக் காப்பது வேறு குணம், இதில் அது இல்லை. பூக்கும் பருவத்தில் மூழ்கினாலும் பதர்தான். 2021 ஜனவரியில் பெய்தது போல அறுப்பு நேரத்து மழையில் சாய்ந்து முளைக்கும் கதிருக்கும் இது பாதுகாப்பு இல்லை. முழங்கால் அளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் இடத்துக்கும் பொருந்தாது. நட்டு வேர் பிடித்துத் தூர் கட்டும் பருவத்தில், முழுக்க மூழ்கி, சுமார் இரண்டு வாரத்துக்குள் வடிகிற வயலுக்கு ஏற்ற ரகம் இது. நீங்கள் எழுதியிருக்கும் 2 மா அப்படிப்பட்ட இடம்தான். ஆகவே அந்தப் பள்ளத்துக்கு மட்டுமாவது நாற்று விட்டு நடுங்கள். ஆவணியில் மேட்டில் நாற்றங்கால் போட்டு, புரட்டாசிக்குள் நட்டுவிட்டால் ஐப்பசி மழை வரும்போது பயிர் தாங்கும் வயதில் இருக்கும்.

இதற்கு முன் ஒடிசாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே பரவலான சுவர்ணா ரகத்தில் இதே மரபணுவைச் சேர்த்து 2009-இல் வெளியிட்டார்கள். சில கிராமங்களில் குலுக்கல் முறையில் விவசாயிகளைத் தேர்ந்தெடுத்து 5 கிலோ விதைப் பொட்டலம் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளம் இல்லாத வயலில் இரண்டுக்கும் விளைச்சல் ஒன்றுதான். பத்து நாள் மூழ்கிய வயலில் புதியது ஏறக்குறைய 45 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது. கூடுதல் பலன் கிடைத்தது பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு, ஏனென்றால் தாழ்ந்த நிலம் அவர்கள் கையில்தான் இருந்தது. இன்னொரு விளைவைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விதை வாங்கியவர்கள் அடுத்த வருஷங்களில் கூடுதல் உரம் போட்டார்கள், தெளிப்பதை விட்டு நட்டார்கள், சாகுபடிப் பரப்பைக் கூட்டினார்கள். மழை வந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் குறைந்ததும் நிலத்தில் பணம் போடத் துணிவு வந்துவிட்டது.

நகையை வைத்துப் பயிர் செய்கிறவர் நல்ல வருஷத்தில் இரண்டு மூட்டை கூட வருமா என்று பார்க்க மாட்டார், கெட்ட வருஷத்தில் நகையைத் திருப்ப முடியுமா என்றுதான் பார்ப்பார். சிறு விவசாயி புது ரகத்துக்குத் தயங்கினால் 'விழிப்புணர்வு போதாது' என்று கூட்டம் போடுகிறோம். செயல்விளக்கத் திடலை ரோட்டோரம் வடிகால் நன்றாக உள்ள பெரிய பண்ணையில் அமைக்கிறோம். மூழ்காத வயலில் மூழ்குவதைத் தாங்கும் ரகத்தைப் போட்டுக் காட்டினால் யாருக்கு என்ன புரியும்? உங்கள் தெருக்காரருக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆறு மாவுக்கும் இப்போது வேண்டாம். பள்ளத்து 2 மாவுக்கும் சப்-1 போடுங்கள். அதிலேயே ஒரு ஓரத்தில் சிறு வரப்பு எடுத்து ஐந்து சென்ட் அளவுக்குப் பழைய சி.ஆர்.1009-ஐ நடுங்கள். ஒரே நாள் நாற்று, ஒரே உரம், ஒரே தண்ணீர். மழை வந்தால் அந்த வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தால் போதும், யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. மழை தப்பினாலும் வயது, வைக்கோல், சோறு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். மேட்டு 4 மாவில் இந்த வருஷம் பழையதே இருக்கட்டும். துறைப் பரிந்துரைப்படி இந்த வயதுள்ள ரகத்துக்கு நடவுக்கு ஏக்கருக்கு 12 கிலோ விதை. 2 மாவுக்கு 8 கிலோ போதும்.

விதை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பழைய நெல்லையும் சப்-1 நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கும் அடையாளம் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மணி ஒன்று, உமி ஒன்று, பயிரின் தோற்றம் ஒன்று. பழையதை மூட்டை கட்டிப் புதியது என்று விற்றால் அது வெள்ளத்தில்தான் தெரியும், தெரியும்போது பயிர் போயிருக்கும். ஆகவே முதல் வருஷம் அட்டையுள்ள சான்று விதையே வாங்குங்கள். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. ரகத்தின் பெயரில் 'சப்-1' என்று இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். அட்டையையும் ரசீதையும் அறுப்பு முடியும் வரை பத்திரப்படுத்துங்கள். முளைப்பு குறைந்தபட்சம் 80 சதவீதம் இருக்க வேண்டும். ஈரச் சாக்கில் நூறு மணி வைத்து நீங்களே எண்ணிப் பார்த்துவிடலாம்.

நெல் தன் மகரந்தச் சேர்க்கை உள்ள பயிர், அதனால் விதை எடுத்து வைக்கத் தாராளமாக முடியும். இயந்திரத்தில் அறுத்த நெல்லை மட்டும் விதைக்கு வைக்காதீர்கள். முந்தின வயலின் நெல் அதன் வயிற்றில் கிடக்கும், கலவன் அங்கிருந்துதான் வருகிறது. வயலின் நடுவில் ஒரு துண்டை ஒதுக்கி, பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் உயரம், வயது மாறியவற்றைப் பிடுங்கிவிட்டு, அந்தத் துண்டைக் கையால் அறுத்துத் தனியே அடித்துக் காயவையுங்கள். பழைய சி.ஆர்.1009 நட்ட ஓரத்துப் பக்கமே போகாதீர்கள். விதைக்கும் முன், முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் நெல்லைக் கொட்டி, மிதப்பதை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு மூன்று போகம் ஓட்டலாம். பிறகு சான்று விதை புதிதாக வாங்குவது நல்லது.

விற்பனையில் சிக்கல் இல்லை. மணி அதேதான் என்பதால் வியாபாரி வழக்கமான சி.ஆர்.1009 விலைக்குத்தான் கேட்பார். நேரடி கொள்முதல் நிலையத்தில் பொது ரகமாகப் போகும். 2025-26-க்கு மத்திய அரசின் ஆதார விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,369 ரூபாய், 'ஏ' கிரேடுக்கு 2,389. பெரிய இழப்பு ஒன்றும் இல்லை.

மழை வந்து வடிந்த மறுநாளே யூரியாவோடு ஓடாதீர்கள். தண்ணீரை முழுக்க வடித்து, புதுக் குருத்து தெரிய ஒரு வாரம் விடுங்கள். பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். உங்கள் 2 மாவுக்கு ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு பங்கு.

புது ரகம் இருக்கிறது என்று பயிர்க் காப்பீட்டை விட்டுவிட வேண்டாம். குத்தகை நிலத்துக்கு அடங்கல் வாங்குவதில்தான் இழுபறி வரும், கடைசித் தேதி நெருங்கும்போது கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலையாமல் நடவு முடிந்த கையோடு நிலத்துக்காரரைப் பேசிச் சம்மதிக்க வையுங்கள். விதைக்கு ஆடி பிறந்ததும் விரிவாக்க மையத்தில் சொல்லி வையுங்கள். அங்கே இருப்பு இல்லை என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.