சாலட் விதை ஏன் முளைக்க மறுக்கிறது?

மூன்று வெள்ளி கொடுத்துச் சாலட் கீரை விதை வாங்கினீர்கள். பூச்சட்டியில் விரலால் குழி போட்டு, விதையை உள்ளே தள்ளி மண்ணை மூடினீர்கள். இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. பழைய விதையைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரர்மீது கோபப்படாதீர்கள். விதை உயிரோடுதான் இருக்கலாம். நீங்கள் போட்ட குழியே காரணமாக இருக்கக்கூடும்.

பச்சைப் பயறு இருட்டிலும் முளைக்கும். சாலட் கீரையின் பல ரகங்கள் அப்படியல்ல. நனைந்த விதைமீது வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலிய அறிவியலாளர்கள் இந்த விதைகள்மீது ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிவப்பு ஒளி பட்டவை முளைத்தன. அடுத்து, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தூரச் சிவப்பு ஒளியைக் காட்டியதும் முளைப்பது நின்றது. எத்தனை முறை மாற்றினாலும், கடைசியாகப் பட்ட ஒளி எதுவோ அதற்கே விதை கட்டுப்பட்டது. விளக்கின் சுவிட்சைப் போல் இயங்கும் இந்த நிறமிக்குப் பின்னாளில் ஃபைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள்.

விதைக்கு இது எதற்கு? பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, தூரச் சிவப்பைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். ஆகவே தூரச் சிவப்பு அதிகமாக வந்தால், தலைக்கு மேல் வேறொரு செடி நிற்கிறது என்று பொருள். சாலட் விதை மிகச் சிறியது. அதில் சேமித்த உணவும் கொஞ்சம்தான். நிழலில் முளைத்தால் பிழைப்பது கடினம். அதனால் காத்திருக்கிறது.

இன்னொரு தடை வெப்பம். மண் ஏறக்குறைய 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் பல ரகங்கள் முளைப்பதில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நண்பகலில் காற்றே 31, 32 பாகை இருக்கும். வெயிலில் காயும் சட்டி மண்ணைக் கேட்கவே வேண்டாம்! சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையில் இந்தக் கீரை செழிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

நீங்களே சோதித்துப் பாருங்கள். மூன்று தட்டுகளில் ஈர டிஷ்யூ தாளை விரித்து, ஒவ்வொன்றிலும் 20 விதைகள் வையுங்கள். முதல் தட்டு வீட்டின் குளிர்ச்சியான, வெளிச்சமான இடத்தில் இருக்கட்டும். இரண்டாவதை உடனே அலுமினியத் தாளால் சுற்றி அதன் பக்கத்தில் வையுங்கள். மூன்றாவதை, நேர் வெயில் படாத ஆனால் சூடான பால்கனியில் வையுங்கள். தாள் காயக்கூடாது. நான்கு நாள் கழித்து எண்ணுங்கள். இரண்டாவது தட்டிலும் நன்றாக முளைத்திருந்தால், உங்களுடையது வெளிச்சம் கேட்காத ரகம். மூன்றாவதில் சில முளைத்திருந்தால், அங்கே இரவில் வெப்பம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து பாருங்கள்.

முளைத்தவற்றைச் சட்டிக்கு மாற்றி, காலை வெயிலும் நண்பகல் நிழலும் கிடைக்கும்படி வையுங்கள். சூடு கூடினால் செடி அவசரமாகப் பூக்கத் தயாராகும். நடுத்தண்டு நீளும், இலை கசக்கும். தண்டைக் கிள்ளினால் வரும் வெள்ளைப் பாலில்தான் லாக்டூசின் போன்ற கசப்புப் பொருள்கள் உள்ளன. இவை செடியின் தற்காப்பு. எனவே தண்டு நீளுமுன், காலையிலேயே வெளி இலைகளைப் பறித்துவிடுங்கள்.

நத்தை ஊர்ந்திருக்கலாம். பச்சையாகச் சாப்பிடுவதால் ஒவ்வோர் இலையையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். வாடிய இலையைக் கால் மணி நேரம் குளிர்ந்த நீரில் போட்டால், சவ்வூடு பரவலால் உயிரணுக்களுக்குள் நீர் புகுந்து மறுபடி மொறுமொறுப்பாகும். உப்பு போட்டால் இதே வேலை தலைகீழாக நடக்கும். உள்ளிருக்கும் நீர் வெளியேறி இலை துவண்டுவிடும். ஆகவே உப்பையும் எலுமிச்சைச் சாற்றையும் சாப்பாட்டு மேசையில் அமர்ந்த பிறகே சேருங்கள்.