ஈறு ஒட்டு அறுவைக்குப் பின்: வலி தணிய, புண் ஆற

ஈறு இறங்கிய பல்லுக்கு, பெரும்பாலும் மேலண்ணத்திலிருந்து சதை எடுத்து ஒட்டுவார்கள். ஆற வேண்டிய புண் இரண்டு. அதிகம் வலிப்பது அண்ணம்தான்.

1. மரத்த உணர்வு தெளியும் முன்பே மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைப் போடுங்கள். ஏறிவிட்ட வலியை அடக்குவது கடினம்.

2. முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தின் வெளியே 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுங்கள். வீக்கம் மட்டுப்படும்.

3. உதட்டை இழுத்துக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். அசைந்த ஒட்டுக்குள் புது ரத்தக்குழாய் வளராது. முதல் வாரம் அது வெளுத்துத் தெரிவது இயல்பே, பயப்படாதீர்கள்.

4. நம் சிங்காரப்பேட்டைப் பக்கம் ராகிக்குப் பஞ்சமில்லை. ஆறிய கூழில் மோர் கரைத்து டம்ளரில் குடியுங்கள். ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சினால் ரத்தக்கட்டு பெயரும். சூடான களி, பச்சை மிளகாய், மாங்காய் எல்லாம் புண்ணை எரிக்கும். மருத்துவர் சொல்லும்வரை தொடாதீர்கள்.

5. ஒட்டிய இடத்தில் பிரஷ் படக்கூடாது. மருத்துவர் தந்த மருந்தால் வாயை மெல்ல நனைத்து வழியவிடுங்கள். வேகமாகத் துப்பினால் தையல் இழுபடும்.

6. பீடி, சிகரெட், புகையிலையை அறவே விடுங்கள். ரத்த ஓட்டம் குறைந்து ஒட்டு பிடிக்காமல் போகும்.

7. ஓசூர் ஆலைகளில் பாரம் தூக்குபவர்கள் சில நாள் லீவு கேளுங்கள். சிரமப்பட்டால் ரத்தம் கசியும்.

8. அண்ணத்தில் ரத்தம் கசிந்தால், நனைத்த சுத்தமான காஸ் துணியை 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காய்ச்சல், சீழ், 3 நாளுக்குப் பிறகும் கூடும் வீக்கம் இருந்தால் அன்றே பல் மருத்துவரைப் பாருங்கள். இரவில் ரத்தம் நிற்காவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.