தகப்பன்வழிப் பழி

மன்னார்த் தீவின் கீரிக் கடற்கரையில் நின்று, இருளில் அப்பால் செல்லும் படகொன்றின் இடப்புறச் செவ்விளக்கையும் வலப்புறப் பச்சை விளக்கையும் பிரித்தறிகின்ற ஒருவனுக்கு, அந்தச் சிறு காரியத்தின் பின்னே கோடிக்கணக்கான ஆண்டுகளின் சரித்திரம் கிடக்கிறதென்பது தோன்றுவதில்லை. அவ்விளக்குகளைப் பிரித்தறிய இயலாத பிள்ளை ஒன்று குடும்பத்தில் பிறந்துவிட்டாலோ, 'தகப்பனைக் கொண்டு வந்த குறை' என்று சொல்லிவிடுவோரும் உளர். இது தகப்பனுக்கு இழைக்கப்படும் அநியாயம்.

செம்மையையும் பசுமையையும் உணரும் ஒப்சின் புரதங்களுக்குரிய பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனியருகே அமைந்துள்ளன. ஆண்பிள்ளைக்கு அந்த நிறமூர்த்தம் தாயிடமிருந்தே கிடைக்கிறதாகையால், தகப்பன் இக்குறையை மகனுக்குக் கொடுக்கவே முடியாது. மகளுக்கு அவன் கொடுப்பது பெரும்பாலும் அவளிடம் வெளிப்படாமல், அவள் வயிற்றுப் பேரனிடம் வந்து தோன்றக்கூடும். ஆகவே விசாரிப்பதானால், தாய்மாமனையும் தாயின் தகப்பனையுமே விசாரிக்கவேண்டும்.

விழித்திரையின் நிறவலகுகள் யாவும் ஓரிடத்தில் ஒன்றாயிருப்பவை என்பதும் தவறு. நீலத்துக்குரியது 7ஆம் நிறமூர்த்தத்திலும், மங்கிய ஒளியில் பயன்படும் ரொடொப்சினுக்குரியது 3ஆம் நிறமூர்த்தத்திலும் உள்ளன. ஆதலால் நீலக்குறை மிக அரிது, ஆண் பெண் பேதமும் அதற்கு இல்லை. சிவப்பும் பச்சையுமோ அடுத்தடுத்து நிற்பவை: முதலில் சிவப்பு, அதன்பின் பச்சை ஒன்றோ பலவோ. 1986இல் விஞ்ஞானி ஜெரமி நாதன்சும் அவருடைய சகபாடிகளும் இவ்வமைப்பை வெளிப்படுத்தினர். இரண்டு புரதங்களிலும் உள்ள 364 அமினோவமிலங்களில் ஏறத்தாழ 15 மட்டுமே வேறுபடுகின்றன. இந்த அளவு கடந்த ஒற்றுமையினாலேயே, தாயின் சூலகத்தில் முட்டை உருவாகும்போது இரு எக்ஸ் நிறமூர்த்தங்களும் பிசகாக இணைந்து, ஒன்று மிகுதியாகப் பெற, மற்றொன்று இழந்தோ சிவப்பும் பச்சையும் கலந்த அலகொன்றைத் தாங்கியோ பிரிகிறது. எந்த அண்மையினால் நமக்கு நிறச்செல்வம் வாய்த்ததோ, அதே அண்மையே இழப்பிற்கும் காரணமாயிற்று.

தம் நிறக்குறையை 1794இல் விவரித்த விஞ்ஞானி ஜோன் டால்டன், கண்ணினுள்ளிருக்கும் திரவம் நீலச்சாயல் கொண்டதென நம்பினார். அவர் 1844இல் காலமானபின் பாதுகாக்கப்பட்ட கண்ணின் டீஎன்ஏ 1995இல் ஆராயப்பட்டபோது, பச்சைக்குரிய அலகு இல்லையென்பது தெளிவாயிற்று.

இனி, மிருகங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையிலேயே உலகைக் காண்கின்றன, நிறக்காட்சியின் சிகரம் மனிதனே என்ற நம்பிக்கையும் தவறே. மன்னார் வீதிகளில் திரியும் கழுதைகளின் நெருங்கிய உறவான குதிரைக்கு, நிறத்தை உணரும் கூம்புக்கலங்கள் இருவகை உண்டு. நீலமும் மஞ்சளும் அதற்கு வேறுவேறே. முள்ளந்தண்டுயிர்களின் ஆதி மூதாதைக்கு நான்கு வகைக் கூம்பு ஒப்சின்கள் இருந்தன. இரவு வாழ்க்கையைக் கைக்கொண்ட முற்காலப் பாலூட்டிகள் அவற்றுள் இரண்டை இழந்தன. ஏறத்தாழ மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன், பழைய உலகக் குரங்குகளின் முன்னோரில் ஓர் அலகு தன்னருகே தானே பிரதி எடுத்துக்கொண்டதனால், நம் நாட்டுக் குரங்குகளுக்கும் நமக்கும் மூன்றாவது நிறவகை கிட்டியது.

ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் தெற்காசிய நன்னீர்ச் சிறுமீனாகிய சீப்ரா மீனிடமோ கூம்பு ஒப்சின்கள் எட்டு: அவற்றுள் பச்சைக்கு நான்கு, சிவப்புக்கு இரண்டு, ஒவ்வொரு கூட்டமும் ஒரே நிறமூர்த்தத்தில் வரிசையாய். அதே சமயம், மன்னார்க் கடலில் துள்ளும் டொல்பினோ நம்மைப் போலப் பாலூட்டியாயிருந்தும், நீலத்துக்குரிய அதன் அலகு பழுதுபட்டுப் பயனற்றுக் கிடக்கிறது.