மூட்டைக்குள் இருப்பது சிமென்ட்தானா? இறக்குமதிக்கு டேரிஃப் எண் பார்க்கும் முறை

சிமென்ட் வாசனை அடித்தாலே 2523 என்று எழுதிவிடும் பழக்கம் பல இறக்குமதியாளர்களிடம் இருக்கிறது. சரக்கு சென்னையிலோ தூத்துக்குடியிலோ இறங்கி, அதிகாரி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பும்போதுதான் விஷயம் புரிகிறது. அதற்குள் டெமரேஜ் ஏறத் தொடங்கிவிடும். 2011 முதல் வரியைத் தானே கணித்துச் சொல்லும் பொறுப்பு இறக்குமதியாளருடையது. 'ஏஜென்ட் போட்ட எண்' என்ற பதில் எடுபடாது. எண்ணை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முதலில் சப்ளையரிடமிருந்து டெக்னிக்கல் டேட்டா ஷீட்டையும், எது எத்தனை சதவீதம் என்ற கலவை விவரத்தையும் வாங்குங்கள். இன்வாய்ஸில் இருக்கும் பெயர் போதாது. அவர் தரும் எச்.எஸ். எண்ணை அப்படியே காப்பியடிக்காதீர்கள். முதல் 6 இலக்கங்கள்தான் உலகம் முழுக்கப் பொது. அதற்குப் பின்னால் வருபவை அந்தந்த நாட்டுக்கு உரியவை. அந்த 6 இலக்கங்களிலும் சப்ளையர் தவறியிருக்கலாம்.

அடுத்து, சரக்கு தூளா, வார்த்து உருவாக்கிய பொருளா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

தூள் என்றால்தான் தலைவலி. இங்கே அவசரப்படவே கூடாது. 2523-இல் வருவது போர்ட்லாண்ட், அலுமினா, ஸ்லாக் சிமென்ட், அவற்றைப் போல நீர் பட்டால் இறுகும் மற்ற சிமென்ட்கள், கிளிங்கர். பி.பி.சி. எனும் போர்ட்லாண்ட் பொஸோலானா சிமென்ட்டில் ஃப்ளை ஆஷ் கலந்திருக்கிறதே, அது கலவை ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. அது இன்னும் சிமென்ட்தான். இந்திய அட்டவணையில் 2523 29 30 என்று தனி எண்ணே இருக்கிறது. நிறமேற்றிய வெள்ளை சிமென்ட்டும் 2523 21-ஐ விட்டுப் போகாது. ஆனால் அரைத்த ஸ்லாக் மட்டும் தனியாக வந்தால் அது 2618 பக்கம் போகும், ஃப்ளை ஆஷ் மட்டும் வந்தால் 2621.

நான் முதலில் பார்ப்பது மணலைத்தான். கலவை விவரத்தில் மணலோ ஜல்லியோ இருந்தால் அந்தச் சரக்கு பெரும்பாலும் கலவைச் சாந்து, 3824 50. ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கும் இதே இடம். அந்த ஜல்லி சாதாரணக் கல்லாக இல்லாமல் சமோட், பாக்சைட் போல உலைச் சூட்டைத் தாங்கும் பொருளாக இருந்தால் 3816. உலை வைத்திருப்பவர்கள் 'ஹை அலுமினா சிமென்ட்' என்று ஒரே பெயரில் இரண்டு பொருள்களை வரவழைப்பார்கள். பிணைப்புக்கு மட்டும் வரும் சுத்தமான அலுமினா சிமென்ட் 2523 30. தண்ணீர் ஊற்றினால் அப்படியே உலைச் சுவரில் வார்க்கத் தயாரான காஸ்டபிள் 3816. மூட்டையின் மேல் அச்சடித்த பெயர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது.

இன்னொரு மூட்டையைப் பாருங்கள். இன்வாய்ஸில் 'வெள்ளை சிமென்ட் பவுடர்'. ஷீட்டில் வெள்ளை சிமென்ட், கால்சியம் கார்பனேட், பாலிமர் தூள், செல்லுலோஸ் ஈதர். பயன் என்ற இடத்தில், பெயிண்ட் அடிக்கும் முன் சுவரைச் சமப்படுத்துவது. இது வால் புட்டி. சுவர், தரை, மேற்கூரைப் பரப்புகளைப் பூசி முடிப்பவற்றுக்கான 3214-க்குப் போக வேண்டியது. டைல் ஒட்டும் பவுடர்தான் இருப்பதிலேயே வம்பு பிடித்தது. 3214 என்றும் 3824 50 என்றும் இரு தரப்பும் வாதாடும் சரக்கு அது. அதை அடிக்கடி கொண்டுவருபவர் சுங்க ஆணையத்திடம் முன்கூட்டிய தீர்ப்பு (இதைப் பற்றிக் கடைசியில்) வாங்காமல் தொழில் செய்யக் கூடாது.

குழம்பும்போது பொது விளக்க விதிகளில் முதல் விதிக்குத் திரும்புங்கள். அத்தியாயத் தலைப்புகள் தேடும் வசதிக்கு மட்டுமே. செல்லுபடியாவது ஹெட்டிங்கின் வாசகமும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும்தான். நேரே மூன்றாம் விதிக்குத் தாவி 'முக்கியத் தன்மை சிமென்ட்' என்று வாதாடுவது சோம்பேறித்தனம்.

வார்த்த பொருள்கள் எளிது. கான்கிரீட் பிளாக், செங்கல் 6810 11. தரை ஓடு 6810 19. கட்டடத்துக்கான முன்வார்ப்பு உறுப்புகள் 6810 91. போர்டு வந்தால் மட்டும் நின்று பாருங்கள். கூழாக்கிய செல்லுலோஸ் இழையும் சிமென்ட்டும் சேர்ந்தது 6811. மரச்சீவல், மரத்துண்டுகளைச் சிமென்ட்டால் இறுக்கியது 6808. உடைந்த விளிம்பைப் பார்த்தாலே சீவல் கண்ணுக்குத் தெரியும். 6811 என்று முடிவானால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற லேப் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் 6811 40, இல்லாவிட்டால் நெளி தகடு 6811 81, மற்ற தகடுகள் 6811 82.

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்தது. அதனால் இனி எண் எதுவானால் என்ன என்று சிலர் அசட்டையாகப் பேசுகிறார்கள். அது தவறு. 2003-ஆம் ஆண்டின் தரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சிமென்ட்டுக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். அதைத் தவிர்க்கச் சுத்தமான சிமென்ட்டைச் சாந்து என்று எழுதினால், தவறான விவரம் என்று சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவில் சரக்கையே பறிமுதல் செய்ய முடியும்.

பில் ஆஃப் என்ட்ரியில் விவரணையைத் தாராளமாக எழுதுங்கள்: என்ன கலவை, எதற்குப் பயன், எத்தனை கிலோ மூட்டை. சந்தேகம் தீராவிட்டால், சரக்கு வருவதற்கு முன்பே தில்லியிலோ மும்பையிலோ இருக்கும் சுங்க முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு உங்களையும் சுங்க அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். சட்டமோ உண்மை நிலையோ மாறாதவரை 3 ஆண்டு நிற்கும். வரி குறைவாகக் கட்டியிருந்தால் துறை 2 ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்கலாம், மறைத்ததாகக் கருதினால் 5 ஆண்டு. ஆகவே டேட்டா ஷீட், லேப் ரிப்போர்ட், சப்ளையரின் மெயில் எல்லாவற்றையும் 5 ஆண்டுக்குக் குறையாமல் அந்தந்த பில் ஆஃப் என்ட்ரியோடு சேர்த்தே வையுங்கள்.