மருந்து, குரங்கு, ஒரு நோட்டுப் புத்தகம்

மருந்து குடிக்கும்போது மட்டும் குரங்கை நினைத்துவிடாதே என்று வைத்தியர் சொன்ன கதை தெரியும்தானே? சொல்லி முடிப்பதற்குள் குரங்கு வந்து உட்கார்ந்துவிடும். பிள்ளைகளுக்கு மனத்தைக் கவனிக்கக் கற்றுத் தருகிறேன் என்று கிளம்பும் பெரியவர்கள் அந்த வைத்தியரைத்தான் பின்பற்றுகிறார்கள்: “கண்ணை மூடு, எதையும் நினைக்காதே.”

மனம் காலியானால்தான் தியானம் என்ற நம்பிக்கை இங்கே மைசூரிலும் பலமாகவே இருக்கிறது. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் நம் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்லப்பட்டது. மணி ஓயவில்லை. பிறகு “இப்போது நினைக்கலாம்” என்றதும், முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று பேசப்படும் பயிற்சி பிள்ளையிடம் கேட்பது மிகக் குறைவு. குரங்கு வந்தால், வந்திருக்கிறது என்று பார். போனால் அதையும் பார். (சாமுண்டி மலைப் படிக்கட்டில் இந்த உவமையை நம்பி வாழைப்பழத்தோடு நடக்க வேண்டாம். அங்கே வருவது நிஜக் குரங்கு.)

“யோகா ஊராயிற்றே, பிள்ளைகளை ஆடாமல் அசையாமல் உட்கார வைக்க வேண்டாமா?” என்பார்கள். 1930-களில் இங்கே ஜகன்மோகன் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் யோகசாலைக்கு வந்த சிறுவர்கள் கற்றது பெரும்பாலும் ஆசனங்கள்; வியர்க்க வியர்க்க உடம்பை வளைத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை இருபது நிமிடம் உட்கார முடியாமல் நெளிந்தால் அது வயதின் இயல்பு. குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றி நடக்கும்போது காதில் விழும் சத்தங்களை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். கூழைக்கடா இறக்கையடிப்பது ஒன்று, பின்னால் வருகிறவரின் செருப்பு ஒன்று, தன் மூச்சு ஒன்று. மூன்றாவதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மனத்தைக் கவனிக்க இன்னொரு வழியென்று சொல்லப்படும் டைரிக்கு இனி வருவோம். நினைப்பதை எழுதி வந்தால் கையெழுத்து திருந்தும், மொழி வளரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. என் மகளுக்கு ஒன்பது வயது. தமிழ் எழுத்து மறந்துபோகும் இடத்தில் கன்னட எழுத்தைப் போட்டுவிடுவாள். ஒரு நாள் அவள் எழுதியிருந்தது: “கணக்கு டெஸ்ட். வயிறு ஈரத்துணி மாதிரி பிளிகிறது.” பதற்றம் உடம்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு குழந்தை கவனித்துச் சொல்லியிருக்கிறது. நான் செய்தது என்ன? சிவப்புப் பேனாவால் ‘ளி’யைச் சுழித்து ‘ழி’ என்று எழுதினேன். மறுநாள் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: “இட்லி. ஸ்கூல். ஹோம்வொர்க். தூக்கம்.” இன்ஸ்பெக்டருக்கு எழுதிய அறிக்கை.

பெரியவர் படிப்பார் என்று தெரிந்தால் பிள்ளை பெரியவருக்காகத்தான் எழுதும். வீட்டுப்பாடமாக்கினாலும் அதே கதி. மைசூர்வாசியான எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989-ல் மாநிலங்களவையில் பேசியது பிள்ளைகளின் புத்தகப் பைச் சுமையைப் பற்றி. அதே சுமையை ஆராய அரசு அமைத்த யஷ்பால் குழுவின் ‘சுமையில்லாக் கற்றல்’ அறிக்கை 1993-ல் வந்தது. அந்தப் பைக்குள் மனத்துக்கென்று இன்னொரு நோட்டைத் திணிப்பது நியாயமா?

எழுதிவிட்டால் மனபாரம் உடனே இறங்கிவிடும் என்பதும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடியது அல்ல. 1986-ல் வெளியான உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரின் ஆய்வில், தங்களை உலுக்கிய அனுபவங்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதிய கல்லூரி மாணவர்களின் மனநிலை எழுதி முடித்த கையோடு இன்னும் கனத்துத்தான் போனது. அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அவர்கள் வளர்ந்தவர்கள். சின்னப் பிள்ளையை உட்கார வைத்து, உன் பெரிய துக்கத்தை எழுது என்று தோண்டக் கூடாது. இன்று எதற்குச் சிரித்தாய், எங்கே கோபம் வந்தது, இது போதும். எழுதப் பிடிக்காவிட்டால் படம் வரையட்டும்.

மதிப்பெண் கூடும், பயம் போகும் என்று மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை விற்கிறவர்களிடம் 2022-ல் பிரிட்டனிலிருந்து வந்த முடிவைக் காட்டலாம். 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த மிரியட் ஆய்வு அது. வகுப்பு முழுவதற்கும் மைண்ட்ஃபுல்னஸ் பாடம் நடத்தியது, பள்ளிகள் வழக்கமாகச் சொல்லித்தரும் மன, சமூகப் பாடங்களைவிடப் பிள்ளைகளின் மனநலத்துக்கு மேலாக இல்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சியைத் தொடவே இல்லை. ஆர்வமில்லாதவர் வாயில் ஊற்றும் கஷாயம் எவ்வளவு உள்ளே போகும்? தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் கெட்டுப்போன பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வைத்தியம் ஆகாது. டாக்டரிடம் போக வேண்டும். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்கும் பேசலாம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டு, புது நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என் மேஜையிலிருந்து பேனா மட்டும் அடிக்கடி காணாமல் போகிறது.