வலுவான மருந்தை ஏற்கலாமா? – சீரற்ற இதயத் துடிப்பும் நீங்கள் எடுக்க வேண்டிய முடிவும்

"இதுவரை உட்கொண்ட மாத்திரை போதவில்லை, இதைவிட வலுவான மருந்தைத் தொடங்கலாம்" என்று நாங்கள் கூறும்போது சிலர் மறுகேள்வியின்றித் தலையசைக்கின்றனர். வேறு சிலர் அச்சமுற்று, ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளையும் நிறுத்திவிடுகின்றனர். இரண்டும் நன்மை தருவதில்லை. நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவருடன் கலந்து முடிவெடுக்கத் தேவையான செய்திகளை இங்குத் தருகிறோம்.

நோயும் அதன் இரு கேடுகளும்

சீரற்ற துடிப்புகளுள் பரவலாகக் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் நடுங்குவதால் நாடி தாறுமாறாகத் துடிக்கிறது. முதுமை, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இளவயதில் கண்ட ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும் இது வருகிறது.

இதனால் விளையும் கேடுகள் இரண்டு. முதலாவது, விரைந்த துடிப்பால் வரும் படபடப்பு, மூச்சுத்திணறல், இதயத் தளர்ச்சி. இரண்டாவது, மேலறையில் தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்குதல். வலுவான மருந்து முதலாவது கேட்டிற்கே உரியது. பக்கவாதத்தைத் தடுப்பது இரத்த உறைவுத் தடுப்பு மருந்தாகும். துடிப்பு சீரானதுபோல் தோன்றினாலும் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

வலுவானது எல்லாம் சிறந்ததன்று

மாரடைப்பு வந்தவர்களின் இதயத்தில் இடையிடையே தோன்றும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என மருத்துவ உலகம் ஒருகாலத்தில் நம்பியது. அதனைச் சோதிக்க 'காஸ்ட்' என்னும் ஆய்வு நடைபெற்றது. என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு ஆகிய மருந்துகள் இ.சி.ஜி.யில் அத்துடிப்புகளை நன்கு அடக்கின. ஆயினும் மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்தனர். 1989ஆம் ஆண்டில் அம்மருந்துகளின் சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. இ.சி.ஜி. தாள் அழகாவது வேறு, நோயாளி நலமடைவது வேறு என்பதை அன்று முதல் நாங்கள் மனத்தில் கொண்டுள்ளோம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில், துடிப்பின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்துவதும் ஒரு முறையான சிகிச்சையே. 4,060 பேரைக் கொண்டு 2002இல் வெளியான 'அஃபர்ம்' ஆய்வில், துடிப்பின் ஒழுங்கையே மீட்க முயன்றவர்கள் கூடுதலாக உயிர்வாழவில்லை. மறுபுறம், நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் ஒழுங்கை மீட்கும் சிகிச்சையைத் தொடங்குவது பலருக்குப் பயனளிப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே விடை ஆளுக்கு ஆள் மாறும்.

அமியோடரோன் கேட்கும் விலை

வலுவான மருந்து என நாங்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது அமியோடரோன். துடிப்பை ஒழுங்கில் நிறுத்துவதில் இதற்கு இணையான மாத்திரைகள் குறைவு. இதயம் தளர்ந்தவர்களுக்கும் கொடுக்க இயல்வது இதன் சிறப்பு. ஆனால் 200 மி.கி. மாத்திரை ஒன்றில் சுமார் 75 மி.கி. அயோடின் உள்ளது, ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதோ 150 மைக்ரோகிராம். எனவே தைராய்டு கூடவோ குறையவோ செய்யலாம். கல்லீரலும் நுரையீரலும் பாதிக்கப்படலாம். புதிதாக வரும் வறட்டு இருமலையும் மூச்சிரைப்பையும் சாதாரணச் சளி என்று விட்டுவிடக் கூடாது. மருந்தை நிறுத்திய பின்னும் அது வாரக்கணக்கில், பலருக்கு மாதக்கணக்கில் உடலில் தங்கும்.

வார்ஃபரின், அசெனோகூமரால் ஆகியவற்றின் விளைவை இது மிகைப்படுத்துவதால் இரத்தக்கசிவு நேரலாம். அவற்றின் அளவைக் குறைத்து, ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். டிகாக்சின் அளவையும் வழக்கமாகப் பாதியாக்குவோம். காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்குவதும் ஆபத்தானது. அவற்றுள் சில, அமியோடரோனுடன் சேர்ந்து துடிப்பை மேலும் கெடுக்கும்.

கடலோர வாழ்க்கையும் இம்மருந்தும்

இம்மருந்தை உட்கொள்வோரின் தோல் வெயிலில் எளிதில் கன்றிச் சிவக்கும். நெடுங்காலம் உட்கொண்டால் முகம் நீலச் சாம்பல் நிறம் அடையலாம். படகிலும் மீன் உலர்த்தும் களத்திலும் உப்பளத்திலும் உழைப்போருக்கு இது சிறு செய்தியன்று. முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி, தோல்காப்புக் களிம்பு ஆகியவை தேவை. இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே தெரிவியுங்கள். வாந்தி, பேதியால் உடலில் பொட்டாசியம் குறைந்தாலும் தீங்கு நேரும்.

தொடக்க வாரங்களில் அளவு மிகுதியாக இருக்கும். பரிசோதனைகளும் நெருக்கமாக வரும். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரத்திற்கு ஏறத்தாழ 55 கி.மீ. வந்து செல்வது எளிதன்று. அவசரமில்லாத நிலையில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கலாமா என விசைப்படகு மீனவர்கள் எங்களிடம் தயங்காமல் கேட்கலாம்.

ஏற்பதும் காத்திருப்பதும்

வேகத்தைக் கட்டுப்படுத்திய பின்னும் மூச்சுத்திணறல் நீடித்தாலோ, விரைந்த துடிப்பால் இதயம் தளர்ந்தாலோ, கீழறைகளில் உயிருக்கு ஊறான துடிப்பு எழுந்தாலோ, இம்மருந்தின் நன்மை அதன் தீமையைவிடப் பெரிதாகலாம். தொல்லை ஏதுமின்றி நாடி அடங்கியிருப்போர் பலர் காத்திருக்கலாம். வால்வு மிகச் சுருங்கியிருந்தால், அதனைப் பலூன் முறையிலோ அறுவையாலோ சீர்செய்யாமல் மாத்திரையால் மட்டும் ஒழுங்கை நிலைநிறுத்துவது கடினம்.

அடுத்த வருகையில் எங்களிடம் கேளுங்கள்:

1. இம்மருந்து என் எந்தத் தொல்லையைக் குறைக்கும்?
2. எவ்வளவு காலம் உட்கொள்ள வேண்டும்? குறைந்த அளவு போதுமா?
3. மின் அதிர்வு சிகிச்சை, அப்லேஷன் போன்ற வேறு வழிகள் எனக்குப் பொருந்துமா?
4. இ.சி.ஜி., தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளும் மார்பு எக்ஸ்ரேயும் எப்போது எப்போது?
5. நான் உட்கொள்ளும் பிற மருந்துகளில், சித்த மருந்து உட்பட, எதனை மாற்ற வேண்டும்?

வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள். "ஒரு வாரம் எண்ணிப் பார்த்துச் சொல்கிறோம்" என்று நீங்கள் கூறினால், அவசரமில்லாத நிலையில் அதற்கு இடமுண்டு. மயக்கம், நெஞ்சுவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் நேர்ந்தால் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.