வலி அறியாப் பாதம்

உடலில் வலி தோன்றினால் அதனைப் பகையாகக் கருதுகிறோம். உண்மையில் வலி உடலின் காவற்காரனாகும். அக்காவற்காரன் உறங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை நீரிழிவு நோயாளியின் பாதத்தில் காணலாம்.

2023இல் வெளியான ஆய்வொன்று, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் காலுக்கு இரு கேடுகள் விளைகின்றன. ஒன்று, நரம்புகள் பழுதுற்றுப் பாதம் மரத்துப்போதல். மற்றொன்று, இரத்தக் குழாய்கள் குறுகி இரத்த ஓட்டம் குறைதல். முன்னதால் முள் தைத்தது தெரிவதில்லை. பின்னதால் தைத்த புண் எளிதில் ஆறுவதில்லை. புகைப்பழக்கம் பின்னதை மேலும் விரைவுபடுத்தும்.

1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்களுக்கு உணர்ச்சியின்மையால் நேரும் காயங்களே பெருங்காரணம் எனக் கண்டார். அப்பாடமே பின்னர் நீரிழிவுப் பாதத்தைக் காக்கவும் உதவிற்று.

இதனை நோயாளிக்கு எடுத்துரைக்கும் பணி பெரும்பாலும் செவிலியருடையது. அவர் கற்பிக்கும் விதிகள் எளியவை:

1. நாள்தோறும் உள்ளங்கால்களையும் விரலிடுக்குகளையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைப் பயன்படுத்தலாம்.

2. வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது. செருப்பை அணியுமுன் கல், ஆணி உள்ளதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

3. வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் அறிய வேண்டும்.

4. கழுவியபின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும். காலாணியைப் பிளேடால் அறுக்கலாகாது.

5. கொப்புளமோ, நிறமாற்றமோ, புண்ணோ கண்டால், "வலிக்கவில்லையே" என்று காத்திராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

விதிகளை ஒப்பித்தால் மட்டும் போதாது. அவை நோயாளியின் வாழ்க்கையோடு பொருந்த வேண்டும். கோடை நண்பகலில் கோயில் பிராகாரத்தின் கல்தரையில் நடப்பவர், வீடு திரும்பிய பின்பே கொப்புளத்தைக் காணக்கூடும். கோயிலுக்குப் போகாதீர்கள் என்றால் கேட்பார் இலர். விடியற்காலையிலோ அந்தி சாய்ந்த பின்னரோ செல்லுங்கள் என்றால் கேட்பர். சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லச் செய்தால், புரிந்ததா என்பதும் விளங்கும்.

நரம்பு செய்யத் தவறிய காவலைக் கண் செய்யட்டும். நம் வீட்டில் நீரிழிவுடைய பெரியோர் இருப்பின், அவர்தம் பாதங்களை இன்றிரவே பார்ப்போமாக!